மேசையில் இறங்கும் கால், வானத்தில் இறங்கவில்லை: ஒரு ரிட்ராக்ட் கோளாறின் நிகழ்வு ஆய்வு

ரேடியோவால் இயக்கும் என் மாதிரி விமானத்தின் ரிட்ராக்டில், அதாவது பறக்கும்போது மடங்கி, தரையிறங்கும்போது வெளியே வரும் சக்கரக் கால்களில், வந்த கோளாறு இதுதான். வீட்டு மேசையில் வைத்து ஐம்பது தடவை ஸ்விட்ச் போட்டால் ஐம்பது தடவையும் ஒழுங்காக ஏறி இறங்குகிற வலது கால், பறக்கும்போது மட்டும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இடது கால் நன்றாக இறங்குகிறது. இரண்டுக்கும் ஒரே சேனல், ஒரே மின்சாரம், காலை மடக்கி இறக்கும் ஒரே மாதிரி யூனிட்.

காரணத்தைப் பிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. அதற்குள் இரண்டு ப்ரொப்பல்லர் உடைந்தன, வயிற்றுப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் பிரித்து ஒட்ட வேண்டியிருந்தது, நன்றாக இருந்த ஒரு யூனிட்டைப் பழுது என்று நினைத்துக் கழற்றிவிட்டுப் புதிது வாங்கினேன். இதே அறிகுறியோடு வேறு யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு அந்த ஏழு வாரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, தப்பான வழியில் போனதையும் சேர்த்து முழுதாக எழுதுகிறேன்.

விமானமும் அதன் கால்களும்

மாடல் பி-51 மஸ்டாங், இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கப் போர் விமானம். இறக்கை முனைக்கு முனை 1.6 மீட்டர். நிஜ மஸ்டாங்கின் இறக்கை 11.28 மீட்டர், ஆக ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பறக்கும் எடை 3.6 கிலோ. பால்சா என்ற லேசான மரமும் பிளைவுட்டும் கொண்டு செய்து, மேலே கவரிங் என்ற மெல்லிய உறை ஒட்டிய கட்டுமானம்.

மஸ்டாங்கின் கால்கள் இறக்கையின் வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்நோக்கி மடங்கும். சக்கரங்கள் உடம்பை ஒட்டிய குழியில் போய்ப் படுக்கும். அதே காலத்துப் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயரிலும் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இலும் இது தலைகீழ்: கால் உடம்பருகே தொடங்கி வெளிநோக்கி மடங்கும், அதனால் தரையில் நிற்கும்போது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி குறைவு. மஸ்டாங்கில் அந்த இடைவெளி 3.6 மீட்டர் வரை. மாடலிலும் அகலமாக, தெம்பாக நிற்கும். புல்தரையில் பறக்கிற எங்களுக்கு மஸ்டாங் பிடித்துப்போக அது ஒரு பெரிய காரணம்.

உள்ளே இருப்பது மின்சார ரிட்ராக்ட். ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரப் பெட்டி, அதிலிருந்து நீளமாக வரும் திருகுத் தண்டு. தண்டு சுழன்றால் அதன் மேல் இருக்கும் நட்டு முன்னும் பின்னும் நகரும். நட்டில் இருக்கும் சின்ன முளை, கால் பொருத்திய சுழல்கட்டையின் வளைந்த பள்ளத்தில் ஓடி, அந்தச் சுழல்கட்டையைத் திருப்பும். இரண்டு முனையிலும் பள்ளம் குறுக்காகத் திரும்புவதால் கால் அங்கே போய்ப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் மின்சாரம் இல்லாமலே நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, இந்தக் கதை முழுதும் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. இந்த வகை யூனிட்டில் பெரும்பாலும் கடைசி முனைக்கு வந்ததைச் சொல்லும் லிமிட் ஸ்விட்ச் கிடையாது. கால் முழுதாக இறங்கியதா என்று பார்க்க உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குக் கண் இல்லை. மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நட்டு கடைசி முனையில் போய் முட்டினால் மின்னோட்டம் சட்டென்று எகிறும். சர்க்யூட் அதைப் பார்த்து, வந்து சேர்ந்தாயிற்று என்று மோட்டாரை நிறுத்திவிடும். அதே எகிறல் பாதி வழியில் வந்தாலும் அதற்கு அப்படித்தான் தோன்றும். முட்டி நின்றதும் சிக்கி நின்றதும் அதற்கு ஒன்றுதான்.

முதல் தடவை

ஏப்ரல் மாதம், மழை வந்தால்தான் நிரம்புகிற ஏரிப் படுகையில் பறந்துகொண்டிருந்தோம். ஆறு நிமிடம் பறந்த பிறகு இறங்குவதற்கு ஸ்விட்ச் போட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த பறப்பாளர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், சட்டென்று சொன்னார்: "தம்பி, ரைட் லெக் பாதியில நிக்குது. இறக்காத, ஒரு ரவுண்டு போ."

மேலே ஏற்றினேன். கால்களை மடக்கி, திரும்ப இறக்கினேன். மறுபடியும் பாதி. சரியாகத் தெரியட்டும் என்று ஓடுபாதைக்கு மேலே தாழ்வாக, நல்ல வேகத்தில் ஒருமுறை கொண்டுவந்து, வரும்போதே மறுபடி ஸ்விட்ச் போட்டேன். இப்போது பாதிகூட வரவில்லை, கால்வாசியில் நின்றது. அந்த விவரத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் இந்த ஆய்வு ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

ஒரு கால் கீழே, ஒரு கால் பாதி என்று இருந்தால் அப்படியே இறக்கக் கூடாது. பாதிக் கால் பக்கத்து இறக்கை முனை தரையில் குத்தி விமானம் சுழன்றுவிடும். இரண்டையும் மடக்கிவிட்டு வயிற்றால் இறங்குவதே நல்லது. அப்படித்தான் செய்தேன். மோட்டாரை முன்னதாகவே நிறுத்தியும் ப்ரொப்பல்லரின் ஒரு அலகு செங்குத்தாக நின்றதால் முறிந்தது. மஸ்டாங்குக்கு வயிற்றில் தொங்கும் ரேடியேட்டர் மூக்கு அழகு. வயிற்றால் இறங்கும்போது முதலில் அடி வாங்குவதும் அதுதான். விரிசல் விட்டது.

மேசைச் சோதனைகள்

வீட்டுக்கு வந்து இறக்கையைக் குப்புறப் போட்டு ஸ்விட்ச் போட்டேன். இரண்டு காலும் ஜோராக இறங்கின.

இந்த இடத்தில் பலரும் கை போன இடத்தில் எல்லாம் திருக ஆரம்பிப்போம். நான் அன்று கொஞ்சம் நிதானமாகவே, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டு போனேன். முதலில் ரேடியோ. ரிட்ராக்டின் வயரை ரிசீவரிலிருந்து பிடுங்கி, ரேடியோ இல்லாமலே சிக்னல் கொடுக்கும் ஒரு சர்வோ டெஸ்டரில் போட்டேன். ரேடியோவில் அந்தச் சேனலின் எல்லைகள் குறுகிப்போய், சிக்னல் நடுவான 1500 மைக்ரோ செகண்டை ஒட்டியே நின்றால் சில யூனிட்டுகள் ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் அசையாது. ஆனால் அப்படி இருந்தால் பாதியில் நிற்காது, கிளம்பவே கிளம்பாது. டெஸ்டரிலும் ரேடியோவிலும் ஒரே மாதிரி ஓடியது. அடுத்து, ஒரே சேனலை இரண்டு காலுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒய் கேபிளில் இடது வலது மாற்றிப் போட்டேன். வித்தியாசம் இல்லை.

மின்னழுத்தம். ரிசீவரில் 5.0 வோல்ட், கால் ஓடும்போது யூனிட்டின் பிளக்கில் 4.7. இறக்கைக்குள் போகும் நீட்டிப்பு வயர் மெல்லியது, 0.3 வோல்ட்டை அது தின்கிறது. நல்லதில்லைதான், வயரை மாற்றினேன். ஆனால் இரண்டு பக்கத்திலும் அதே இறக்கம் இருந்ததால் வலது காலுக்கு மட்டும் வரும் கோளாறுக்கு அது காரணமாக இருக்க முடியாது.

அடுத்து இயந்திரப் பக்கம். சக்கரம் குழியின் ஓரத்தில் உரசுகிறதா என்று டயரில் சாக்பீஸ் தடவிப் பார்த்தேன். குழிச் சுவரில் வெள்ளைத் தடம் இல்லை. காலைப் பிடிக்கும் ஹெட் இல்லாத சின்ன ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா? இல்லை. கால் கம்பி வளைந்திருக்கிறதா? ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நேர். யூனிட்டைப் பிடிக்கும் நான்கு ஸ்குரூவையும் அரைச் சுற்று தளர்த்தி ஓட்டினேன். யூனிட் உட்காரும் மரத் தாங்குகட்டைகள் ஒரே மட்டத்தில் இல்லாதபோது ஸ்குரூவை இறுக்கினால் யூனிட்டின் சட்டம் முறுகி உள்ளே சுழல்கட்டை சிக்கும். மின்சார ரிட்ராக்டில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான், அதனால் நம்பிக்கையோடு செய்தேன். வித்தியாசம் இல்லை.

மின்னோட்டத்தையும் அளந்தேன், ஆனால் தப்பாக. மீட்டரை ஒய் கேபிளுக்கு முன்னால் போட்டதால் இரண்டு காலும் சேர்ந்த எண்தான் தெரிந்தது. இரண்டும் சேர்த்து 0.46 ஆம்பியர். அதில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

எதிலும் காரணம் அகப்படாததால், வலது யூனிட்டின் மோட்டாரோ சர்க்யூட்டோ சூட்டில் தடுமாறுகிறது என்ற முடிவுக்கு வந்தேன். ஏப்ரல் வெயில், மூடிய இறக்கை, கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. புது யூனிட் வாங்கிப் போட்டேன். மேசையில் நூறு தடவை ஓட்டினேன். நூறும் சரி.

மூன்று வாரம் கழித்துப் பறந்தேன். முதல் பறப்பில் இறங்கியது. இரண்டாவது பறப்பில் வலது கால் பாதியில் நின்றது. மறுபடியும் வயிற்று இறக்கம், மறுபடியும் ஒரு ப்ரொப்பல்லர்.

எடையா, வேறு ஏதாவதா

இரண்டாம் தடவை தோற்றதில் ஒரு லாபம் இருந்தது. யூனிட்டை மாற்றியும் கோளாறு அதே பக்கத்தில், அதே இடத்தில் நிற்கிறது. அப்படியானால் கோளாறு யூனிட்டில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து, மேசையில் இல்லாதது வானத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதினேன். முதலில் தோன்றியது திசை. மேசையில் இறக்கை குப்புறக் கிடக்கிறது, பறக்கும்போது நிமிர்ந்து இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது நேர்மாறாகப் போகிறது. குப்புறக் கிடக்கும்போது கால் இறங்குவது என்றால் உண்மையில் அது மேல்நோக்கி எழும்புவது. மோட்டார் காலையும் சக்கரத்தையும் தூக்க வேண்டும். பறக்கும்போது அதே வேலைக்குப் புவியீர்ப்பே துணை நிற்கிறது. ஆக, இறங்குவதைப் பொறுத்தவரை மேசைதான் கடினமான இடம். கடினமான இடத்தில் ஓடுகிற மோட்டார் எளிய இடத்தில் நிற்கிறது என்றால் மோட்டாருக்குப் பலம் போதாமல் இல்லை. வேறு ஒரு சுமை, மேசையில் அறவே இல்லாத சுமை, குறுக்கே வருகிறது.

வானத்தில் மட்டும் இருப்பது காற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் 90 மி.மீ. உயரம், 32 மி.மீ. அகலம். கால் தண்டு 12 மி.மீ. தடிமன், 110 மி.மீ. நீளம். இரண்டும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் முகம் சுமார் 0.0042 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி 1.2, இழுவைக் குணகம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 1 நியூட்டன், அதாவது 100 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டது போல. நொடிக்கு 30 மீட்டரில் 230 கிராம். 14 மீட்டருக்குக் குறைத்தால் 50 கிராம்தான். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது.

இந்த எண்களைப் பார்த்ததும் ஏப்ரல் மாதத்துத் தாழ்வான, வேகமான பறப்பு நினைவுக்கு வந்தது. வேகம் கூடியபோது கால் இன்னும் சீக்கிரமாகச் சிக்கியது! அன்றே பதில் கண்முன்னால் நடந்திருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மஸ்டாங்கின் கால் பக்கவாட்டில் மடங்குகிறது, காற்று பின்னோக்கித் தள்ளுகிறது. அதாவது காற்றின் விசை காலின் ஓட்டத்தை நேரடியாகத் தடுக்கவில்லை, அதற்குக் குறுக்காக நிற்கிறது. பின்னோக்கி மடங்கும் காலாக இருந்தால், கர்ட்டிஸ் பி-40 போல, இறங்கும்போது காற்று நேராகவே எதிர்க்கும். அங்கே மோட்டாரின் பலம்தான் கேள்வி. முன்னோக்கி மடங்கும் மூக்குச் சக்கரம் என்றால் இறங்குவதற்குக் காற்றே உதவும், ஏறுவதற்குத்தான் சிரமம். எந்தப் பக்கம் மடங்குகிறது என்று முதலில் பார்த்தாலே கோளாறைப் பாதி புரிந்துகொள்ளலாம். எனக்கு இரண்டும் இல்லை. குறுக்கு விசை. குறுக்கு விசை ஒரு காலை நிறுத்த வேண்டுமானால், அது எதையோ வளைக்க வேண்டும்.

லக்கேஜ் தராசு

அடுத்த நாள் விமானத்தை நிமிர்த்தி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் துண்டு விரித்து, இறக்கைகளை அவற்றின் மேல் ஏற்றி வைத்தேன். கால்கள் நடுவில் காற்றில் தொங்கின. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை எடுத்து, சக்கர அச்சில் ஒரு நூலைக் கட்டி, வால் பக்கமாக இழுத்துக்கொண்டே ஸ்விட்ச் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு காலையும் தனித்தனியாக, மீட்டரோடு.

இடது கால்: இழுக்காமல் 0.22 ஆம்பியர். 150 கிராம் இழுத்தால் 0.31. 250 கிராம் இழுத்தும் முழுதாக இறங்கியது.

வலது கால்: இழுக்காமல் 0.24. ஏறக்குறைய இடதைப் போலத்தான், மேசையில் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம். 100 கிராமில் முக்கி முனகி இறங்கியது, சத்தமே மாறியது. 150 கிராமில் மீட்டர் 0.5 காட்டியது, 0.8 காட்டியது, அப்புறம் பூஜ்யம். கால் பாதியில் நின்றது. 230 கிராமில் கால்வாசியிலேயே நின்றது.

ஏழு வாரத்தில் முதல் தடவையாக, வானத்துக் கோளாறு வீட்டு ஹாலில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அந்த நிமிடத்தின் நிம்மதியைச் சொல்லி முடியாது. வரவழைக்க முடிந்த கோளாறைச் சரிசெய்துவிடலாம்.

கால் நடுவழியில் சிக்கி நின்ற நிலையிலேயே சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். சக்கர நுனி 7 மி.மீ. ஆடியது. இடது பக்கம் 2 மி.மீ. எங்கே ஆடுகிறது? ஆள்காட்டி விரலின் நுனியை, பாதி யூனிட்டின் உலோக விளிம்பிலும் பாதி தாங்குகட்டையிலும் படும்படி வைத்துக்கொண்டு மறு கையால் ஆட்டினேன். இரண்டும் ஒன்றாகவே அசைந்தன. ஸ்குரூ உறுதி. விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, தாங்குகட்டையும் ரிப்பும் (இறக்கைக்கு வடிவம் தரும் விலாப்பலகை) சேரும் மூலையில் வைத்தேன். அங்கே நகக்கண்ணில் மெல்ல ஒரு நெருடல். கட்டை ரிப்பை விட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முகத்துக்குப் போடும் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து அந்த மூலை நெடுகத் தூவி, ஊதிவிட்டு, சக்கரத்தைப் பின்னோக்கி அழுத்தினேன். பவுடர் படிந்த இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு திறந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. கோட்டின் மேல் இருந்த பவுடர் உள்ளே போய்விட்டிருந்தது.

அவ்வளவுதான் கோளாறு. ஒரு முடி அளவு.

எப்படி நடந்தது

யூனிட் இரண்டு தாங்குகட்டைகளின் மேல், நான்கு ஸ்குரூவில் உட்கார்ந்திருக்கிறது. காற்று சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும்போது, நெம்புகோல் போல, பின்கட்டை இறக்கைக்குள் அழுந்துகிறது, முன்கட்டை வெளியே பிடுங்கப்படுகிறது. அந்த முன்கட்டையின் ஒரு முனை மட்டும் ரிப்பிலிருந்து விட்டிருந்தது. ஆகவே நான்கு மூலையில் மூன்று அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் எழும்புகிறது. யூனிட்டின் சட்டம் முறுகுகிறது. சட்டத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவே திரும்ப வேண்டிய சுழல்கட்டை நெருக்குண்டு சிக்குகிறது. மின்னோட்டம் எகிறுகிறது. கண்ணில்லாத சர்க்யூட், வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறது.

தொடக்கத்தில் ஏன் சிக்கவில்லை? கால் குழிக்குள் இருக்கும்வரை காற்று அதன்மேல் படுவதில்லை. வெளியே வர வர விசை கூடுகிறது, முறுக்கும் கூடுகிறது. அந்த வேகத்தில் அது தாங்க முடியாத அளவை எட்டிய இடம் பாதி வழி. வேகம் கூடினால் கால்வாசி. மேசையில் விசையே இல்லாததால் விரிசல் தானாக மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடுகிறது.

கவரிங்கை வெட்டித் திறந்து கட்டையை முழுதாகப் பெயர்த்துப் பார்த்தபோது இன்னும் ஒரு விஷயம் தெரிந்தது. பெயர்ந்த முகத்தில் இரண்டு நிறம். ஒரு பாதி மங்கலாக, செம்மண் தூசி ஏறி இருந்தது. மறு பாதி புது மரத்தின் வெளிர் நிறத்தில் பளிச்சென்று. தூசி ஏறிய பாதி பழைய விரிசல். மார்ச் மாதத்தில் ஒருமுறை காற்றின் தடுமாற்றத்தில் தடாலென்று இறக்கி, இரண்டு தடவை துள்ளி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது பார்த்தேன், கால் நேராக இருந்தது, திருப்தியாக விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இறக்கத்திலும், புல் சக்கரத்தைப் பின்னால் இழுக்க இழுக்க, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. புதிய பாதி அதுதான். அந்த மூட்டில் பசையும் குறைவு. நான்கைந்து சொட்டுகளின் தடம், நடுவில் பசை படாத வெறும் மரம். பாதி கட்டி வரும் விமானங்களை வாங்குகிற யாரும், கவரிங் ஒட்டும் முன்போ பறக்கும் முன்போ, இந்த மூட்டுகளை ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து எபாக்ஸி பசை ஓட்டிவிடுவது அவசியம். கால்களைத் தாங்கும் கட்டை, மோட்டாரைத் தாங்கும் சுவர், இறக்கை இணையும் இடம், இந்த மூன்றிலும் கட்டியவரை நம்பக் கூடாது.

அண்ணனின் மகன் இரண்டாம் தடவை கேமராவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. கோளாறு தெரிந்த பிறகு அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதியில் நிற்கும் வலது சக்கரம், இடது சக்கரத்தைவிட வால் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. படம் மூன்று நாளாக என் போனிலேயே இருந்திருக்கிறது.

ஒட்டிய கதை

எங்கள் தெருவில் ஒரு ஆசாரி இருக்கிறார். கட்டையைக் காட்டியதும் கையில் வாங்கி விரலால் வருடிப் பார்த்தார். "பழைய பசை மேல புதுப் பசை நிக்காது தம்பி. மரம் தெரியுற வரைக்கும் சுரண்டு. இடைவெளி இருந்தா வெறும் பசைய ஊத்தாத, தூள் கலந்து அடை" என்றார். எபாக்ஸிக்கும் அது அப்படியே பொருந்தும்.

சுரண்டி, மணல்தாள் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்தேன். 30 நிமிட எபாக்ஸியில் சலித்த மரத்தூளைத் தேன் பதத்துக்குக் கலந்தேன். 5 நிமிட எபாக்ஸி வேண்டாம். மரத்துக்குள் ஊறும் முன்பே இறுகிவிடும். சிஏ பசையும் (நொடியில் ஒட்டும் சூப்பர் குளூ வகை) இங்கே வேண்டாம். அது இறுகியபின் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை உடையது, அடி வாங்குகிற மூட்டுக்கு ஒத்துவராது. ஸ்குரூ துளைகளுக்குள் மட்டும் மெல்லிய சிஏ இரண்டு சொட்டு விட்டு மரத்தை இறுகச் செய்தேன், மரை நன்றாகப் பிடிக்கும்.

ஒட்டும்போது கட்டைகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பலர் யூனிட்டையே திருகி வைத்து ஒட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. யூனிட் ஏற்கெனவே முறுகியிருந்தால் அந்த முறுக்கும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். டேப் சுற்றிய ஒரு தடித்த கண்ணாடித் துண்டை இரண்டு கட்டைகளின் குறுக்கே வைத்து, அதன் மட்டத்துக்குக் கட்டைகளை அழுத்திப் பிடித்தேன். கட்டை ரிப்பைச் சந்திக்கும் நான்கு மூலையிலும் 3 மி.மீ. பிளைவுட்டில் முக்கோணத் துண்டுகள் வெட்டி முட்டுக் கொடுத்தேன். ஒருநாள் முழுக்கக் காயவிட்டேன். கூடிய எடை 14 கிராம்.

கண்ணாடியை எடுத்துவிட்டு யூனிட்டை வைத்தபோது ஒரு மூலையில் மட்டும் மிக மெல்லிய இடைவெளி இருந்தது. அங்கே ஒரு விசிட்டிங் கார்டு துண்டை வெட்டி அடியில் கொடுத்து, நான்கு ஸ்குரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

இடது பக்கத்தையும் திறந்தேன். விரிசல் இல்லை, ஆனால் பசை அங்கேயும் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. அதற்கும் அதே முட்டு.

திரும்ப நாற்காலிகளும் தராசும். வலது கால் 150 கிராமில் 0.32 ஆம்பியர், இடது 0.31. 300 கிராம் வரை இழுத்தேன், இரண்டும் நிற்காமல் இறங்கின. அதற்கு மேல் இழுக்கவில்லை. மாடல் அந்த வேகத்தில் கால் இறக்கத் தேவையே இல்லை.

இதே அறிகுறி, வேறு வகை யூனிட்டில்

காற்றழுத்த ரிட்ராக்டில் பாதியில் நிற்பது வேறு கதை. அங்கே முதல் சந்தேகம் கசிவு. டேங்கில் 100 பி.எஸ்.ஐ. ஏற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மானியைப் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் குழாய் இணைப்புகளிலும் வால்விலும் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். எங்கும் குமிழி இல்லையென்றால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். பறப்பின் தொடக்கத்தில் நன்றாக இருந்து கடைசியில் மட்டும் மந்தமானால் பெரும்பாலும் கசிவுதான். என் கோளாறு அப்படி இல்லை, வேகத்தைப் பொறுத்து மாறியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சர்வோ (சிக்னலுக்கு ஏற்பத் தன் கையைத் திருப்பும் சின்ன மோட்டார்) தள்ளும் பழைய வகையில் கம்பியின் நீளம் சரியில்லாமல் சர்வோ முனையில் போய் முட்டிக்கொண்டு ரீங்காரமிடும். கால் இறங்கினது போலவே இருக்கும், ஆனால் சர்வோ விடாமல் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். இறங்கியபின் காதை அருகில் வைத்துக் கேட்டால் போதும்.

அப்புறம் நடுவானில் யாருக்காவது கால் சிக்கினால் செய்ய வேண்டியது: வேகத்தைக் குறைப்பது. முதலில் மடக்கி, பாதுகாப்பான உயரத்தில், இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் இருந்தால் இறக்கி, விமானம் தாங்குகிற அளவுக்கு மெதுவாக்கி, அப்போது ஸ்விட்ச் போட வேண்டும். வேகம் நொடிக்கு 20 மீட்டரிலிருந்து 14 மீட்டருக்கு வந்தால் காலின்மேல் காற்றின் விசை பாதியாகிறது. எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் அந்தப் பழுதான மூட்டோடும்கூட கால் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. 100 கிராமில் முனகிக்கொண்டே இறங்கியதைத்தான் தராசில் பார்த்தேனே. மேலிருந்து இழுத்து எழுப்பி ஜி விசையால் (சட்டென்று எழும்பும்போது கூடும் எடையால்) காலைக் கீழே தள்ளலாம் என்று சொல்வார்கள். திருகுத் தண்டு யூனிட்டில், மோட்டார் நின்ற பிறகு எவ்வளவு உலுக்கினாலும் கால் அசையாது, தண்டு தானே பூட்டிக்கொள்ளும். கால் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நான்கைந்து நொடிக்குள் செய்தால்தான் ஏதாவது பயன்.

இப்போது

சரிசெய்த பின் முதல் பறப்பில், 60 மீட்டர் உயரத்தில், மெதுவாக வைத்து இறக்கிப் பார்த்தோம். அப்புறம் கொஞ்சம் வேகமாக. அப்புறம் அந்த ஏப்ரல் மாத வேகத்திலேயே ஓடுபாதைக்கு மேலே ஒருமுறை. அண்ணன் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "ரெண்டும் வருது... வருது... லாக் ஆயிடுச்சு தம்பி, இறக்கு." புல்லில் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் படிந்தன.

அதிலிருந்து 34 பறப்பு. ஒருமுறையும் நிற்கவில்லை. பத்துப் பறப்புக்கு ஒருதரம் நாற்காலியும் தராசும் வெளியே வருகின்றன. வலது காலின் எண் 0.32-இலேயே நிற்கிறது. இடது ஒருமுறை 0.36 காட்டியது; ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தது, இறுக்கினதும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது.

மே மாதம் பழுது என்று கழற்றிய பழைய யூனிட்டைத் தராசில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்கு ஒரு யூனிட் தேவைப்பட்டது, கொடுத்துவிட்டேன்; அவருடைய ஸ்பிட்ஃபயரின் இடது கால் இப்போது அதில்தான் இறங்குகிறது.